அரக்குப் புடவையும் தாலுகா ஆபீஸும்

13-11-72, திங்கள்

விடியும்போதே மழை. தறிக்குழியில் ஊற்று. நானும் அம்மாவும் சொம்பால் மொண்டு வாளி வாளியாக வெளியே கொட்டினோம். கால் விறைத்துப் போயிற்று.

மாமா தறியில், நான் வலது பக்கம். புடவை உடலும் இடக்கரையும் அவர் கை, வலக்கரைக்கு நூல் ஓட்டும் நாடா என் கை. அரக்குப் புடவை, மாம்பழக் கலர் கரை. என் முகூர்த்தத்துக்கு. தையில் ஏகாம்பரம் அத்தான் ஜெர்மனியிலிருந்து வந்ததும் கல்யாணம். வீட்டுப் பெண்ணுக்கு நெய்தால் தறிக்காலில் மஞ்சள் நூல் கட்டுவது மாமா வீட்டு வழக்கம். புடவையைத் தறியிலிருந்து அறுத்துப் பெண் கையில் கொடுக்கிற அன்றுதான் அவிழ்ப்பார்கள். விஜயதசமிக்குக் கட்டியது, ஈரத்தில் கறுத்துவிட்டது.

காபி வேளைக்குத் தாலுகா ஆபீஸ் ரெவின்யூ இன்ஸ்பெக்டர், ஆர்.ஐ., வந்தார். கையில் நனைந்த காகிதம்.

"ஏகாம்பரம் உங்க புள்ளதானே? கல்யாணம் ஆயிடுச்சா அவருக்கு?"

மாமா கையை நிறுத்தவில்லை. "ஆன மாதிரிதான்பா."

"மாதிரின்னா?"

"என் தங்கச்சி பொண்ணுக்குப் பாக்கு வெத்தலை மாத்தி எத்தினியோ வருஷம் ஆவுது. எங்க வழக்கத்துல அதுவே கல்யாணம். தோ, இந்தப் பொண்ணுதான் அவன் சம்சாரம்."

எனக்கு வெட்கம். தலையைக் குனிந்துகொண்டேன். இப்போது நினைத்தால் என்னையே அறையத் தோன்றுகிறது.

ஆர்.ஐ. எழுதிக்கொண்டு பேனாவை மூடினார். "அப்ப அவர் அந்த ஊர்ல ரிஜிஸ்தர் கல்யாணம் பண்ணிக்க முடியாதே."

"எந்தக் கல்யாணம்?"

சொன்னார். அத்தான் அங்கே ஹெல்கா என்கிற ஜெர்மன் பெண்ணைச் சட்டப்படி மணக்கப் போகிறார். இங்கே அவருக்கு மனைவி இல்லை என்று சொந்த ஊர் ஆபீஸ் எழுதித் தர வேண்டும். தராவிட்டால் அங்கே நடக்காது. அதற்குத்தான் விசாரணை.

நாடா மாமா கையிலேயே நின்றது. பிறகு, "நான் சொன்னது சொன்னதுதான். அப்படியே அனுப்பு" என்றார்.

ஆர்.ஐ. என்னிடம்: "நீங்க ஆபீஸுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லணும்மா, சம்சாரமா இல்லையான்னு. அடுத்த திங்கள்கிழமை பார்ப்பேன். வரலைன்னா ஐயா சொன்னதுதான் மேல போவும்."

அவர் போன பிறகு அம்மா கேட்ட முதல் கேள்வி: "அவருக்குக் காபி குடுத்தோமா?" கொடுக்கவில்லை.

14-11-72, செவ்வாய்

மழை விட்டு விட்டு. சீயக்காய், மண்ணெண்ணெய், அம்மாவுக்குத் தைலம் வாங்க வேண்டும்.

ஆர்.ஐ. வந்த மறுநாள்தான் அத்தான் கடிதம் வருகிறது. நல்ல சமத்து. மாமா தொடவில்லை. அம்மா படிக்கச் சொன்னாள். மன்னிக்கச் சொல்லி நாலு வரி. அங்கே பனி என்று இரண்டு வரி. ஹெல்கா மிகவும் நல்ல மாதிரியாம். அவளும் அவரும் ஒரே தொழிற்சாலையாம். கடைசியில், "தனத்துக்கு நல்ல இடமாகப் பார்த்து முடியுங்கள்."

நல்ல இடம்! நான் என்ன வாடகை வீடா தேடுகிறேன்?

இனி அத்தான் என்று எழுதக் கூடாது. ஏகாம்பரம். அவ்வளவுதான்.

அம்மா அடுப்பைப் பார்த்தபடி சொன்னாள். "நீ ஆபீஸ் பக்கமே போவாதே தனம். அங்க கட்டிக்க முடியலைன்னா எத்தினி நாளைக்கு இருப்பான்? திரும்பி வந்துடுவான்."

எனக்கும் அதே எண்ணம் காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது.

16-11-72, வியாழன்

கார்த்திகை பிறந்துவிட்டது. வெயில் கொஞ்சம்.

தெருக்குழாயில் என்னைக் கண்டதும் பேச்சு நின்றது. பிறகு நிற்கவில்லை. "ஜெர்மன்காரி புடவை கட்டுவாளா?" "கட்டினா நிக்குமா இடுப்புல?" எதிர்வீட்டு ராஜம்மா மட்டும் என் குடத்தைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். "சம்சாரம்னு எழுதிக் குடுத்துட்டு வா. சர்க்காரே அவனை இழுத்துக்கினு வந்து வாசல்ல விட்டுடும்." சர்க்கார் மாட்டைக்கூடப் பட்டியில்தான் அடைக்கும், வாசலில் கொண்டு வந்து விடாது. சொல்லியிருக்கலாம்.

மத்தியானம் தறி. கரையும் உடலும் சேருகிற இடத்தில் இரண்டு பேர் கையும் ஒன்றாகப் போக வேண்டும். இன்று மூன்று முறை தப்பியது. மூன்றும் அவர் தப்பு. "விடுமா" என்று தப்பிய இழையை அவரே பிரித்தார்.

ஏகாம்பரம் வந்துவிடுவார் என்றே வைத்துக்கொள்கிறேன். வந்து? கட்டி இழுத்து வந்த ஆளுக்குச் சோறு போட்டுக்கொண்டு, முகத்தைப் பார்த்துக்கொண்டு, ஆயுசு முழுக்க. அவர் மனசில் அந்த ஊர்ப் பனி பெய்துகொண்டே இருக்கும்.

ஆனாலும் வந்தால் போதும் என்றுதான் இருக்கிறது. இதை எழுதவே கூசுகிறது.

17-11-72, வெள்ளி

தலைக்குக் குளித்துக் கோயிலுக்குப் போனேன். எதுவும் வேண்டிக்கொள்ளவில்லை. என்ன வேண்டுவது என்று தெரியவில்லை.

திரும்பி வந்தால் மாமா வாசலில். "உனக்காவத்தாம்மா சொன்னேன்."

"தெரியும் மாமா."

"உங்கப்பன் சாவும்போது என் கையைப் புடிச்சுக்கினு கேட்டான். நான் வார்த்தை குடுத்தேன்."

"நீ குடுத்தே. அவர் குடுக்கலையே."

மாமா முகம் சுருங்கிப் போயிற்று. அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் அதுதானே உண்மை.

20-11-72, திங்கள்

போனேன். அம்மாவிடம் தைலம் வாங்க என்று சொல்லிவிட்டு.

பெஞ்சில் ரொம்ப நேரம். பக்கத்தில் தாமல் கிராமத்து விவசாயி ஒருவர், ஏரிக் கால்வாய்த் தகராறு. "நீ இன்னாத்துக்குமா வந்தே?" நான் யாருடைய சம்சாரமும் இல்லை என்று சொல்ல வந்திருக்கிறேன் என்று எப்படிச் சொல்வது? "கையெழுத்து போட" என்றேன்.

ஆர்.ஐ. கேட்டார். பெயர், தகப்பனார் பெயர், வயது.

"கல்யாணம் ஆனவரா?"

"இல்ல."

"ஏகாம்பரம் உங்களுக்கு?"

"மாமன் மகன்."

"புருஷன் இல்லையே?"

"இல்ல சார்."

"பாக்கு வெத்தலை மாத்தினதாச் சொன்னாரே ஐயா."

"மாத்தினது பெரியவங்க. போட்டுக்கினதும் அவங்கதான். எங்க ரெண்டு பேரையும் கேக்கலை."

நிமிர்ந்து பார்த்தார். "நல்லா யோசிச்சுச் சொல்றீங்களாம்மா? இது போயிட்டா அவர் அங்க கட்டிப்பார்."

"கட்டிக்கட்டும்."

கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்து பஸ் ஸ்டாண்ட் வரை நன்றாகத்தான் நடந்தேன். அங்கே பூக்காரி, "முழம் போடட்டுமா கண்ணு?" என்றாள். அவ்வளவுதான். கூட்டத்தில் நின்று அழுதேன். எனக்கு அவரைப் பிடிக்கும். பாவாடை கட்டின நாளிலிருந்து பிடிக்கும். இது எந்த ஆபீஸிலும் யாரும் கேட்காத கேள்வி.

தைலம் வாங்க மறந்துவிட்டேன். அதில்தான் அம்மா கண்டுபிடித்தாள்.

21-11-72, செவ்வாய்

அம்மா தட்டை என் முன்னால் நகர்த்தினாள். ரசத்தில் உப்பு இல்லை.

மாமா தறிப் பக்கம் வரவில்லை. போர்த்திக்கொண்டு படுத்திருந்தார். காய்ச்சல் இல்லை, தொட்டுப் பார்த்தேன்.

23-11-72, வியாழன்

அடைமழை. குழியில் தண்ணீர். நான் மட்டும் மொண்டேன். புடவை மேல் சாக்கும் பழைய வேட்டியும் போட்டு மூடி வைத்தேன். நனையட்டும் என்று விட்டிருக்கலாம். கை விடவில்லை.

27-11-72, திங்கள்

மழை இல்லை. பட்டுக் கடையிலிருந்து ஆள் வந்து தறி காலியா என்று கேட்டுவிட்டுப் போனான்.

அவன் போனதும் மாமா எழுந்தார். முகம் கழுவினார். விபூதி பூசினார். குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து, சாக்கை எடுத்துப் போட்டார்.

"வாமா. உக்காரு. முந்தானைதான் பாக்கி இருக்குது."

உட்கார்ந்தேன். அவர் நாடாவை எடுக்கவில்லை. புடவையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"யாருக்குன்னு நெனைச்சுக்கினு நெய்யறது தனம்?"

"கடைக்குன்னு நெனைச்சுக்கோ மாமா."

அடுப்படியில் அம்மா மூக்கை உறிஞ்சுகிற சத்தம். மாமா குனிந்து தறிக்காலைத் தொட்டார். மஞ்சள் நூலின் முடிச்சு ஈரத்தில் இறுகியிருந்தது. நகத்தால் நெருடினார், வரவில்லை. கண்ணில் தண்ணீர், அவருக்கு முடிச்சே தெரியவில்லை.

நானே அவிழ்த்தேன். இருட்டும் வரை நெய்தோம்.