ஓடவிட்டுக் கேட்ட குரல்

மச்சான்,

இன்று செவ்வாய்க்கிழமை. காலையில் பாமசியின் இரும்புக் கதவைத் தூக்கிக்கொண்டிருக்கும்போது சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. கனடாவில் இருந்துகொண்டு எங்கள் ஊர்ப் பேச்சில் கதையளக்கும் அந்த இரண்டு பேரின் பொட்காஸ்டில் புதுப் பகுதி வந்துவிட்டதாம். நீ போய்ப் பதினொரு மாதம் ஆகிறது. அவர்கள் ஒரு செவ்வாயும் தவறவில்லை. என் போனும் தவறாமல் தானாகவே இறக்கி வைக்கிறது. நான்தான் ஒன்றையும் கேட்கவில்லை. அதற்குக் கீழே இன்னோர் அறிவிப்பு: இடம் நிறைந்துவிட்டது, எதையாவது அழியுங்கள். எதை அழிக்கலாம் என்று பட்டியலும் போட்டுக் காட்டியது. அதில் முதலாவதாக நின்றவை நீ அனுப்பிய குரல் பதிவுகள். போனோடு கோபித்து என்ன பயன் என்று தெரிந்தும் கோபித்தேன்.

ரியூட்டரி வகுப்பில் ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து, ஒரே சோதனையில் ஒன்றாகக் கோட்டை விட்டவர்கள் நாங்கள். நீ குருநகரில் உன் அப்பாவின் படகுக்குப் போனாய், நான் கொக்குவிலில் இந்தப் பாமசிக்கு மருந்து எடுத்துக் கொடுக்க வந்தேன். அதற்குப் பிறகு வருடக்கணக்காகக் கலியாண வீடு, செத்த வீடு என்று கண்டால் கதைப்பதோடு சரி. நாற்பது தாண்டிய பிறகு எங்களை மறுபடி ஒட்டவைத்தது இந்தப் பொட்காஸ்ட் பைத்தியம்தான். உன் போனில் அதை ஏற்றித் தந்தவன் நான். கிழிந்த வலையைப் பொத்தும்போது பக்கத்து வேலியில் சின்ன ஸ்பீக்கரைக் கொழுவிவிட்டு, ஊருக்கே கேட்க வைத்தவன் நீ.

கேட்டு முடித்தால் உனக்கு யாரோடாவது சண்டை பிடிக்க வேண்டும். போனில் எழுத்துக் குத்துவதற்குப் பொறுமை இல்லை. ஆகவே எனக்குக் குரல் பதிவு வரும். கடலைப் பற்றி ஒருவர் இந்தியாவிலிருந்து நடத்தும் நிகழ்ச்சியைக் கேட்ட நாட்களில் நீ படும் பாடு பெரிய பாடு. “உவன் கரையிலை நிண்டு கதை விடுறான் மச்சான். பாரைக்கும் விளைமீனுக்கும் வித்தியாசம் தெரியாது உவனுக்கு.” என்றாலும் அடுத்த கிழமை அவனையே கேட்பாய். ஏன் என்று கேட்டதற்கு, பிழை பிடிப்பதற்கு ஓர் ஆள் வேண்டும் என்றாய்.

எங்களுக்குள் இருந்த ஒரே தகராறு வேகம். நான் எதையும் அதன் போக்கில் கேட்டவன் அல்ல. போனில் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிடுவேன், மனிதர் இழுத்துக் கதைத்தால் இரண்டு மடங்கு. ஒரு மணித்தியாலக் கதையை அரை மணித்தியாலத்தில் முடித்துவிட்டு, ஏதோ சாதித்தவன் போல அடுத்ததுக்குப் போவேன். ஒருநாள் உன் முற்றத்தில் இருந்து நான் கேட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டுச் சொன்னாய்: “கதைக்கிறவனை ஏன்ரா உப்பிடிக் கலைச்சுத் துரத்திறாய்? உனக்கு எங்கை போக வேணும்?” எனக்கு ஓரிடமும் போக இல்லை. அது பழக்கம், அவ்வளவுதான்.

உன்னிடம் ஒருநாளும் சொல்லாத ஒன்று இருக்கிறது. உன் பதிவுகளையும் நான் அப்படித்தான் கேட்டேன். நீ தொடங்கினால் காகத்தில் தொடங்கி, மண்ணெண்ணெய் விலைக்குப் போய், இடையில் யாரையோ கூப்பிட்டு ஏசிவிட்டுத்தான் விசயத்துக்கு வருவாய். எனக்குக் கடையில் ஆட்கள் நிற்பார்கள். இரண்டு மடங்கில் ஓடவிட்டு, சிரிப்புப் படம் ஒன்றைத் தட்டிவிட்டு வேலையைப் பார்ப்பேன்.

இத்தனைக்கும் காது எனக்குப் பெரிய பெருமை. ஒருமுறை பண்டத்தரிப்பிலிருந்து வந்த ஒரு பெரியவர் இருமலுக்குப் பாணி மருந்து கேட்டார். இரண்டு சொல்லுக்கு ஒருதரம் நின்று மூச்சு வாங்கினார். பாணி தரமாட்டேன், இப்போதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள் என்று கூட வந்த மகனைத் துரத்தினேன். ஆள் பிழைத்தார். அந்தக் கதையைக் குருநகர் முழுக்கப் பரப்பினவன் நீதான். “என்ரை சிநேகிதனிட்டைப் போங்கோ. நாடி பிடிக்கத் தேவையில்லை, கதைக்கிறதைக் கேட்டே வருத்தத்தைச் சொல்லுவான்.”

நீ போன அன்றைக்கும் செவ்வாய்தான். மருந்துப் பெட்டிகள் வந்து இறங்கியிருந்தன. உன் பதிவு வந்தது. பெட்டியைப் பிரித்துக்கொண்டே ஓடவிட்டேன். கனடாக்காரர் பனி அள்ளிய கதைதான். “பனி அள்ளுறதுக்கே உந்த அழுகை. ஒருநாள் என்னோடை வந்து வலை இழுக்கச் சொல்லு.” நீ என்றுமில்லாத சுறுசுறுப்போடு கதைப்பதுபோல் இருந்தது எனக்கு. கடைசியில், “ராத்திரித் தொடக்கம் நெஞ்சுக்கை ஒரு வாயு. குளிசை எடுத்துவை, பின்னேரம் வாறன்” என்றாய். வாயு என்று சொல்லிக்கொண்டு ஒரு நாளைக்குப் பத்துப் பேர் வருகிறார்கள். குளிசையை ஒரு கவருக்குள் போட்டு உன் பெயரை எழுதி வைத்தேன். பின்னேரத்துக்கு முன்னமே உன் மைத்துனரின் அழைப்பு வந்துவிட்டது. ஆஸ்பத்திரி வாசலுக்கு நான் வந்துசேர, உன்னை வெள்ளைத் துணியால் மூடியிருந்தார்கள்.

அடக்கம் முடிந்த எட்டாம் நாள், உன் குரலைக் கேட்க வேண்டும்போல இருந்தது. முதல்முறையாக, அந்தக் கடைசிப் பதிவில் உன்னை உன் போக்கில் கதைக்க விட்டேன். பனி என்று சொல்லி நிற்கிறாய். மூச்சு. அள்ளுறதுக்கே என்கிறாய். மறுபடி மூச்சு. ஒரு வசனத்தை முடிக்க உனக்கு நாலு தரம் நிற்க வேண்டியிருக்கிறது. பண்டத்தரிப்புப் பெரியவரை விட மோசம். அந்த இடைவெளிகளையெல்லாம் வேகம் விழுங்கி, உன்னைச் சுறுசுறுப்பானவனாக எனக்குக் காட்டியிருக்கிறது. காலை ஒன்பது மணிக்கு நான் அதைக் கேட்டிருக்கிறேன். ஆஸ்பத்திரி உன் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம், சொல்லு.

போன கிழமை உன் மனைவி அழைத்தா. ஆண்டுத் திவசப் பூசை வருகிறதாம். உன் போனின் பூட்டை எவராலும் திறக்க முடியவில்லையாம். “அவரின்ரை குரல் ஒண்டும் எங்களிட்டை இல்லை அண்ணை. உங்களிட்டை இருந்தால் அனுப்பிவிடுங்கோ.” நாற்பத்துமூன்று பதிவுகளை அனுப்பினேன். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை மறுபடி அழைத்தா.

“அண்டைக்குக் காலமை முற்றத்திலை இருந்து உங்களுக்குக் கதைச்சவர். அதைக் காணேல்லை அண்ணை.”

“அது அழிஞ்சு போச்சு தங்கச்சி. போனிலை இடமில்லை.”

“ஓம் அண்ணை, சரி” என்று வைத்துவிட்டா. அந்தச் ‘சரி’ இரண்டு நாளாக என்னைச் சாப்பிட விடவில்லை. இன்று காலை, போன் உண்மையாகவே இடமில்லை என்று சொன்னபோது, நான் சொன்ன பொய்யை அது எனக்கே திருப்பிச் சொல்வதுபோல இருந்தது.

மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டு உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவி கதிரை எடுத்துப் போட்டா. பொய் சொன்னதைச் சொன்னேன். பதிவைத் திறந்து போனை அவவிடம் நீட்டினேன். போனை மடியில் வைத்து, குனிந்து, முழுவதையும் கேட்டா. நீ மூச்சு எடுத்த ஒவ்வொரு இடத்திலும் அவவும் எடுத்தா. முடிந்த பிறகு மெல்லக் கேட்டா:

“இது அண்டைக்கு உங்களுக்கு விளங்கேல்லையோ அண்ணை?”

“நான் வேகமாய் ஓடவிட்டுக் கேட்டனான், தங்கச்சி.”

அது என்னவென்று அவவுக்கு விளங்கவில்லை. பொத்தானை அழுத்திக் காட்டினேன். இரண்டு மடங்கில் நீ மறுபடி கதைத்தாய், சுகதேகியாக. அவ கையை நீட்டி அதை நிறுத்தினா.

“நான் பக்கத்திலை நிண்டனான். கதையாதையுங்கோ, மூச்சு வாங்குது எண்டனான். வாயு எண்டார். நானும் விட்டிட்டன்” என்றா. பிறகு, “எனக்கு அனுப்பிவிடுங்கோ” என்றா. எனக்கு ஆறுதல் சொல்லத்தான் அப்படிச் சொன்னாவா, தன்னையும் சேர்த்துக் குற்றம் சொன்னாவா, தெரியவில்லை. அனுப்பிவிட்டு எழும்பி வந்தேன்.

இப்போது எவரையும் அவரவர் போக்கிலேயே கேட்கிறேன். திருந்திவிட்டேன் என்று நினைக்காதே. பயம். கடைக்கு வந்து பனடோல் கேட்பவர் ஒரு சொல்லில் தடுமாறினாலும் எடுத்த குளிசையைத் திருப்பி வைத்துவிடுகிறேன். எல்லோரையும் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்கிறேன் என்று முதலாளி ஏசுகிறார். ஏசட்டும்.

உன் அந்தப் பதிவு நாலு நிமிடம். நான் அதை இரண்டு நிமிடத்தில் கேட்டு முடித்தேன். மிச்சம் பிடித்த மற்ற இரண்டு நிமிடத்தில் என்ன செய்தேன் என்று பின்னேரம் முழுக்க யோசித்துப் பார்க்கிறேன். தேத்தண்ணீர் குடித்திருக்கலாம். பெட்டிகளை அடுக்கியிருக்கலாம். சும்மா நின்றும் இருக்கலாம். எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை, மச்சான்.