மூன்று வாரம் நான் பெருமுக்கலில் இருந்த காரணம்

திண்டிவனம்

அன்பு மகன் ராஜ்குமாருக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையில் இங்கே மூவரும் சுகம், கத்தாரில் உன் உடம்பும் வேலையும் குறைவில்லாமல் இருக்க வேண்டும். உன் மனைவி கலையரசிக்கு எட்டாம் மாதம் நடக்கிறது, கால் வீக்கம் வடிந்துவிட்டது. போனில் சொன்னால் அழுதுவிடுவேன் என்று, ஊருக்கு வந்துவிட்டுக் கத்தார் திரும்பும் கோட்டக்குப்பத்துக்காரரிடம் வறுத்த மல்லாட்டைக் கடலையோடு இந்தக் கடிதத்தையும் கொடுத்தனுப்புகிறேன்.

பொங்கல் முடிந்து என் கழுத்தில் ஆபரேஷன் செய்தார்களே, அது சாதாரணக் கட்டி இல்லையப்பா, தைராய்டு புற்றுநோய். உன் அப்பாவுக்கு மட்டும்தான் தெரியும். மிச்சமிருப்பதை அழிக்கக் கதிர்வீச்சுள்ள அயோடின் கொடுக்க வேண்டும் என்றதும் எனக்குக் கை கால் ஓடவில்லை. அந்த ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் நம்மூர்ப் பக்கத்து நர்ஸ் ஒருத்திதான், "தைராய்டுதாம்மா அயோடினை இழுத்துக்கும், அதால மருந்து நேரா அங்க போய்ச் சேரும். எண்பது வருஷமா குடுத்துக்கினு வர்றாங்க. முன்னல்லாம் தண்ணியா குடிக்கணும், இப்ப மாத்திரை" என்று தைரியம் சொன்னாள். இரண்டு வாரம் அயோடின் உள்ள மீன், முட்டை, பால், கடை உப்பு எதுவுமில்லாமல் கேப்பைக் கூழ் குடித்தேன். பிறகு ஈயக் குடுவையிலிருந்து எடுத்த மாத்திரையை விழுங்கி மூன்று நாள் தனி அறையில் இருந்தேன். அந்த நர்ஸ்கூட வாசலிலேயே நின்று பேசினாள். என் உடம்பிலிருந்தே கதிர் வீசுமாம், வெளியே வந்தும் மூன்று வாரம் கர்ப்பிணியை நெருங்கக் கூடாதாம். அதனால்தான் காரணம் சொல்லாமல் பெருமுக்கலில் உன் சின்னபொண்ணு சித்தி வீட்டுக்குப் போய்விட்டேன்.

கலையரசி நான் கோபித்துக்கொண்டு போனதாக நினைத்துவிட்டாள். பத்தாம் நாள் வயிற்றைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வந்து நின்றாள். கிட்டே வராதே என்று கத்தியும் கேட்கவில்லை, துடைப்பத்தை எடுத்து விரட்டினேன். "நான் இன்னா அத்தை பண்ணிட்டேன்" என்று தெருவிலேயே உட்கார்ந்து அழுதாள். அப்போதுதான் கேன்சர் என்ற வார்த்தையை முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னேன், தெருவே கேட்டது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எதிரே வேப்பமரத்தடிக்குத் தள்ளிப் போய் நின்று, "இத்த மறச்சிக்கினு தனியா கெடந்தீங்களா? நீங்களே அவருக்கு எழுதுங்க, இல்லன்னா நான் சொல்லிடுவேன்" என்று என்னைத் திட்டித் தீர்த்தாள்.

வேறு எங்கும் பரவவில்லை என்று ஸ்கேனில் தெரிந்தது. ஆறு மாதம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். நேற்றுதான் வீடு திரும்பினேன். கலையரசி என் கையைப் பிடித்துத் தன் வயிற்றில் வைத்துக்கொண்டாள். பிள்ளை நன்றாக உதைக்கிறதப்பா.

எனக்காகப் பதறி ஓடிவராதே, பிரசவத்துக்கு வந்தால் போதும். நீயும் கழுத்தைத் தடவிப் பார், ஏதாவது தட்டுப்பட்டால் என்னைப் போல மறைக்காதே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

உன் அம்மா
ஆரோக்கியசெல்வி