தூங்கியவளை எழுப்பிய பாவி

ஐப்பசி 11, செவ்வாய்

மகன் முருகேசன் இன்று செய்ததை நினைத்தால் இன்னும் நெஞ்சு எரிகிறது. அவன் மகள் செல்வி அடுத்த வாரம் சி.ஏ. பரீட்சை எழுதுகிறாள். ராத்திரியெல்லாம் கருப்பட்டிக் காப்பி குடித்துக் குடித்துப் படித்தவள், மத்தியானம் புத்தகத்தின் மேலேயே கவிழ்ந்து தூங்கிவிட்டாள். இவன் அவள் முகத்தில் தண்ணீர் அடித்து எழுப்பினான். நான் கத்தினேன்.

"ஏலே, நீ வெள்ளாம செய்ற சம்சாரி வீட்ல பொறந்தவன்தானா? வயலுக்குத் தண்ணி விட கம்மா மடையில ராக்காவல் இருந்து வந்தவன் பகல்ல தூங்குனா, எழவு விழுந்தாக்கூட இந்த ஊர்ல எழுப்ப மாட்டாகளேடா!"

"அது வயக்காடு, இது பரீட்சை. பேத்திகிட்ட எழுத்துப் படிச்ச ஆளுக்கு இதுல என்னய்யா தெரியும்?"

அவள் மேசையில் இருந்த காப்பி பிளாஸ்க்கை எடுத்து முற்றத்தில் கவிழ்த்தேன். "நீ தூங்குத்தா" என்று சொல்லி, அவள் அறை வாசலை மறித்துக் கட்டிலைப் போட்டுப் படுத்துக்கொண்டேன். ஒருத்தரையும் உள்ளே விடவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்தில் எழுந்தவள் என் மேல்தான் பாய்ந்தாள்.

"ஏன் தாத்தா எழுப்பல? வரிப் பாடம் அப்படியே கெடக்கு. போன தடவ அதுலதான கோட்ட விட்டேன்!"

அவளே அடுப்பு மூட்டிக் கடுங்காப்பி போட்டாள். பக்கத்தைப் புரட்டும்போது டம்ளர் சாய்ந்து காப்பி புத்தகத்தில் சிந்தியது. துப்பட்டாவால் துடைத்துவிட்டு அந்த ஈரப் பக்கத்தையே படித்தாள். முருகேசன் என்னைப் பார்த்துச் சிரித்தான், பாவி.

அவள் அறையில் விளக்கு இன்னும் எரிகிறது. நான் ஒரு வாய் காப்பிகூடக் குடிக்கவில்லை. எனக்கும் தூக்கம் வரவில்லை.