விரல் எண்ணிக்கை

ஜனவரி 14, 2003

ஒன்பதாம் எண் வீட்டில் தங்கியவர்கள் பாத்திரம் கழுவும் தொட்டியிலேயே மீனைச் சுத்தம் செய்திருக்கிறார்கள். இரண்டு மணி நேரம் தேய்த்தேன். அணையில் வேலை செய்தவர்கள் குடியிருந்த காலத்தில் யாராவது இப்படிச் செய்திருந்தால் தெருவே கூடி மானத்தை வாங்கியிருக்கும். இப்போது இருபத்திரண்டு வீடுகளில் பத்தொன்பது சுற்றுலாவுக்கு, மூன்றாம் எண் மேலாளருக்கு. பழைய ஆட்களில் மிச்சம் நானும் ஐரிஸும்தான்.

மேலாளர் கேமரன் வந்தான். அவன் மகள் டெஸ் மீன் செதிலைக் காலால் கிளறிக்கொண்டிருந்தாள். ஐந்து வயது, ஓர் இடத்தில் நிற்பதில்லை. மதகு திறக்குமுன் ஊதும் அபாயச் சங்கு மார்ச்சிலிருந்து கிடையாதாம்.

"விருந்தாளிங்க பயப்படுறாங்க, வில்மா. இனிமே மதகு திறந்தா எல்லார் செல்போனுக்கும் செய்தி போயிடும்."

"இந்தப் பள்ளத்துல போன் எங்க எடுக்குது? தண்ணித்தொட்டி மேட்டுக்கு ஏறணும்."

"அதுக்கும் ஏற்பாடு பண்றோம்."

ஏற்பாடாம்.

ஜனவரி 15

மழை. ஐரிஸ் ஆறு முட்டை கொடுத்தாள்.

பிப்ரவரி 8

இன்று மானம் போயிற்று.

இப்போது வருடத்தில் நான்கு நாள்தான், அதுவும் விளையாட்டுப் படகுக்காரர்களுக்காக மதகு திறக்கிறார்கள். மற்ற நாளெல்லாம் தண்ணீர் சுரங்கக் குழாயில் மின்நிலையத்துக்குப் போய்விடும், ஆறு வெறும் பாறை. அதில் இறங்கி விளையாடாத பிள்ளை இந்த ஊரில் இருந்ததில்லை. அதனால்தான் அந்தக் காலத்தில் அணை நிரம்பிச் சங்கு ஊதியதும் வீட்டுக்கொரு பெண் வாசற்படிக்கு வந்து, உள்ளே எத்தனை பிள்ளைகள் என்று விரலால் காட்டுவாள். கடைசி வீடு என்னுடையது, அங்கிருந்து தெரு முழுக்கத் தெரியும். கூட்டி மதகுக்குப் போன் செய்வேன். ஊர்ப் பிள்ளைகளின் மொத்தக் கணக்கோடு எண் ஒத்தால்தான் மதகுக்காரன் லெஸ் சக்கரத்தைத் திருப்புவான். இன்றும் அங்கே லெஸ்தான்.

இப்போது பதிவேட்டை எடுத்துக்கொண்டு வீடுவீடாகப் போய் விருந்தாளிகளை எண்ணுகிறேன். ஒன்பதாம் எண் வீட்டில் ஆறு பேர் என்று எழுதியிருந்தது. ஐந்து பேர்தான் இருந்தார்கள். லெஸ்ஸிடம் "திறக்காதே" என்றேன். எழுபது படகுக்காரர்கள் நாற்பது நிமிடம் வெயிலில் காத்துக் கிடந்தார்கள். ஆறாவது ஆள் தன் காரின் பின்சீட்டில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். எல்லாரும் எனக்குக் கைதட்டினார்கள், கேலியாக.

கேமரன் கையை நீட்டினான். பதிவேட்டை மட்டும் வாங்கிக்கொண்டான்.

பிப்ரவரி 9

எழுதிவிடுகிறேன். முப்பத்து மூன்று வருடமாக எழுதாதது.

1969 நவம்பர். அடுப்பில் பழப்பாகு கொதித்துக்கொண்டிருந்தது. சங்கு ஊதியது. வாசலுக்கு ஓடினேன், மூன்று விரல் காட்டினேன். திரும்பிப் பார்க்கவில்லை. மூன்று பெற்றவள், மூன்று விரல் — கை தானாக எழுந்தது. போனும் செய்தேன். முக்கால் மணி கழித்துப் பின்வாசலில் என் மகன் ராய்ஸ் நிற்கிறான், இடுப்பு வரை நனைந்து, ஒரு காலில் செருப்பில்லாமல்.

"அம்மா, ஆறு வந்துடுச்சும்மா."

யாரிடமும் சொல்லவில்லை. அவன் அப்பாவிடம்கூட. மிச்சமிருந்த ஒற்றைச் செருப்பை அடுப்பில் போட்டேன். பிறகு ஊர்க்காரர்கள் எனக்கு ஒரு சுவர்க் கடிகாரம் தந்தார்கள். 'ஒருநாளும் தப்பாத எண்ணிக்கைக்காக' என்று பொறித்தது. தினமும் அதைப் பார்த்துத்தான் டீ போடுகிறேன். என்ன ஜென்மம் நான்?

பிப்ரவரி 22

பழைய சாப்பாட்டுக் கூடத்தில் கூட்டம். சங்கும் வேண்டாம், எண்ணிக்கையும் வேண்டாம் என்றான் கேமரன். எழுந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பழப்பாகு, மூன்று விரல், செருப்பு.

பிறகு ஐரிஸ், "நானும்தான் பாக்காம காட்டியிருக்கேன். எத்தனை தடவைன்னு கேக்காத" என்றாள்.

லெஸ்ஸின் முகம் வெளுத்துவிட்டது. "உங்க கைய நம்பித்தானே நான் திருப்புனேன்" என்றான். தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

"பாத்தீங்களா? உங்க எண்ணிக்கை எப்பவுமே சரியா இருந்ததில்ல" என்றான் கேமரன்.

"விரல்தான் சரியில்ல, தம்பி. கண்ணால பாத்து எண்ணினா சரியா இருக்கும்."

அவன் முடியாதென்று தலையை ஆட்டினான். தோற்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

பிப்ரவரி 25

லெஸ் பேசவில்லை. ரொட்டிக் கடையில் என்னைப் பார்த்தும் பார்க்காதவன் மாதிரி போனான். வலிக்கிறது.

மார்ச் 3

லெஸ் அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டானாம், ஆளை நேரில் பார்த்து எண்ணிச் சொன்னாலொழிய சக்கரத்தைத் தொடமாட்டேன் என்று. அவனை விட்டால் அந்தப் பழைய மதகைத் திறக்கத் தெரிந்தவர் வேறு யாரும் இல்லை. கேமரன் பதிவேட்டை என் வாசலில் வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

மார்ச் 15

காலை ஒன்பதரைக்குச் சங்கு. வீட்டுக்குள் இருப்பவர்கள் எல்லாரும் வாசற்படியில் வந்து நிற்க வேண்டும் என்று ஒவ்வொரு வீட்டிலும் சீட்டு ஒட்டியிருந்தேன். நின்றார்கள். தலை துவட்டிக்கொண்டு, காப்பிக் கோப்பையோடு, முணுமுணுத்துக்கொண்டு. முகம் முகமாகப் பார்த்து எண்ணினேன்.

மூன்றாம் எண்ணில் கேமரன் மட்டும் தனியாக நின்றான். சிரித்தபடி ஒரு விரலை உயர்த்திக் காட்டினான்.

"விரல் வேண்டாம். பிள்ளையக் கொண்டு வந்து காட்டு."

"உள்ளதான் பல் தேய்க்கிறா, வில்மா."

நான் நகரவில்லை. அவன் உள்ளே போனான். பேர் சொல்லிக் கூப்பிட்டான். மறுபடி கூப்பிட்டான், இந்தத் தடவை குரல் மாறியிருந்தது. பின்கதவு படாரென்று அடித்தது.

ஆற்றுப் பக்கம் இறங்கும் படியிலிருந்து டெஸ்ஸைத் தூக்கிக்கொண்டு வந்தான். அவள் வாயெல்லாம் பற்பசை, கையில் பிரஷ். அவன் முகத்தை நான் பார்க்கவில்லை. அந்த முகம் எனக்குத் தெரியும்.

"இப்ப எண்ணுங்க" என்றான்.

வீட்டுக்கு வந்து போன் செய்தேன்.

"எல்லாரையும் பாத்தியா?" என்றான் லெஸ்.

"பாத்தேன்."

"நீயே?"

"நானே."

சக்கரம் திரும்பும் சத்தம் போனிலேயே கேட்டது.