பெட்டியில் வெந்த சோறு

விழுப்புரம்,
ஞாயிறு

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி குறைந்ததா? அப்பா வேளைக்கு மாத்திரை போடுகிறாரா? நான் நலம்.

வீடுவீடாகப் போய் கேஸையும் கரண்டையும் மிச்சப்படுத்தச் சொல்லித் தருவதுதானே இங்கே என் வேலை. போன வாரம் கண்டமங்கலத்தில் அம்சா அக்காவிடம், அரிசி நன்றாகக் கொதித்ததும் அடுப்பை அணைத்து, பானையைக் கம்பளியில் சுற்றி அட்டைப்பெட்டிக்குள் மூடிவைத்தால் தானே வெந்துவிடும் என்றேன். அவரோ பதம் பார்க்க நாலு முறை திறந்துவிட்டார். மறுநாள் எனக்குத் திட்டு.

“உன் பேச்சக் கேட்டு எங்க வூட்டுக்காரரு அரவேக்காட்டு சோத்தத் தூக்கினு பாண்டிக்கு வேலைக்குப் போனாரு. இன்னிக்கி நீயே காவலுக்கு உக்காரு!”

உட்கார்ந்தேன். பெட்டியின் இதமான சூட்டில் சாய்ந்தபடியே தூங்கிப்போனேன்.

“சோறு வெந்து எவ்ளோ நேரமாவுது! ரூம்ல நீ தூங்கறதே இல்லியா? எழுந்து சாப்புடு கண்ணு” என்று அவர்தான் எழுப்பினார்.

வெறும் அலைச்சல்தான், கவலைப்படாதே. அறையில் நானும் இப்படியே சமைக்கப்போகிறேன். பானையைச் சுற்ற உன் பழைய நூல்புடவை ஒன்றை அனுப்பு.

பஸ் வந்துவிட்டது, முடிக்கிறேன். புடவையைத் துவைக்காதே அம்மா, நீ உடுத்தியது அப்படியே வரட்டும்.

சங்கரி