எரிகுழம்பு எந்தத் தெரு வரை

1977 மார்ச் 7, திங்கள்
கடல் காற்றில் கம்ப்யூட்டர் அட்டைகள் நமுத்துப் போய், துளை போடும் மிஷினில் நாளெல்லாம் சிக்கின. ஆபீஸ் விட்டு சதுரங்கப்பட்டினம் வந்தால் மச்சானின் கடிதம். தீவில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் மனிதர், பெண்டாட்டி எனக்கு மாதம் ஒரு காகிதம்! அங்கே எரிமலை பொங்கி, குழம்பு மெல்ல இறங்குகிறதாம். ஆட்களுக்கு ஆபத்தில்லையாம். "கடை போச்சுன்னா நான் ஊருக்கே வந்துடுறேன்" என்று எழுதியிருக்கிறார்.

மார்ச் 9
ஆபீஸில் லட்சுமணன் சாரிடம் சொன்னேன். உருகிய உலோகம் தரையில் எப்படிப் பரவும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போடுகிறவர். எரிகுழம்புக்கும் இதே கணக்கு சரிப்படும் என்று குஷியாகிவிட்டார். லைப்ரரி மேப்பைப் பார்த்து, தீவின் மேடு பள்ளத்தைக் கட்டம் கட்டமாக எழுதித் தந்தார்.

மார்ச் 10
மேப் மடிப்பில் கிழிசல். மூன்று கட்டத்துக்கு உயரம் இல்லை. மச்சானின் தெருவும் அதில்தான். கேட்கலாமென்றால் சார் லீவு. எனக்குப் பொறுக்கவில்லை. அந்த இடங்களைக் காலியாக விட்டு, அட்டைக்கட்டை ஜீப்பில் மெட்ராஸ் கம்ப்யூட்டருக்கு அனுப்பிவிட்டேன்.

மார்ச் 12
தாள் வந்துவிட்டது. குழம்பு எட்டும் இடமெல்லாம் நட்சத்திரக் குறி. மச்சானின் தெரு முழுக்க நட்சத்திரம்!

பயப்பட வேண்டியவள், சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். கல்யாணமாகி இரண்டு வருஷம். சேர்ந்திருந்தது நாற்பத்தொரு நாள். கடை மட்டும் போகட்டுமே. நான் கெட்டவளா?

மார்ச் 13
தொழுகை முடிந்து துஆவிலும் அதையேதான் கேட்டேன், கடை மட்டும் போகட்டும் என்று.

மார்ச் 14
சார் தாளைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "காலியா விட்டா மிஷின் அதை சைபர்னு படிக்கும்மா. அந்தத் தெருவையே கடல் மட்டத்துக்கு இறக்கிட்டே. குழம்பு அங்கதானே வந்து விழும்?" வேறு மேப் தேடி உயரம் எடுத்துத் தந்தார். அட்டையை மாற்றினேன். 

மார்ச் 16
புதுத் தாளில் கடைக்கு இரண்டு தெரு முன்னாலேயே குழம்பு நின்றுவிடுகிறது. கடை தப்பித்தது என்று சாருக்கு ஒரே சந்தோஷம். தேங்க்ஸ் சார் என்றேன். அப்புறம் பாத்ரூமில் போய் அழுதேன். சே, இன்னா பொம்பள நான் — புருஷன் கடை எரியலியேன்னு அழுதுகினு...

ஏப்ரல் 6
கடிதம். மாமியாருக்குப் படித்துக் காட்டினேன். கணக்குப்படியே குழம்பு நின்று கல்லாகிவிட்டதாம். மற்ற ஜவுளிக்கடைகள் போனதால் வியாபாரமெல்லாம் இப்போது மச்சானுக்குத்தான். இன்னும் மூன்று வருஷம் இருந்து பார்க்கப் போகிறாராம்.

"உன் துஆதான் சல்மா, கடையைக் காப்பாத்துச்சு" என்று முடித்திருக்கிறார். அந்த வரியை மட்டும் மாமியார் திரும்பப் படிக்கச் சொன்னார். படித்தேன்.