தோலோடு தொண்ணூறு நாள்

அன்பு மகளுக்கு,

இங்கே நான் நலம். உன் அப்பா, டாக்டர் சொல்வதுபோல் நடந்தால், நலமாகலாம். உன் அத்தை யாரையும் கேட்காமலே நலமாக இருக்கிறார். அங்கே நீ எப்படி இருக்கிறாய், இருமல் விட்டதா, கனமான காலுறை வாங்கச் சொன்னேனே வாங்கினாயா. போன வாரம் போனில் ஒன்று கேட்டாய். உடற்பயிற்சிக் கூடத்துக்காரன் கோழியைத் தவிர வேறு கறியைத் தொடாதே என்கிறான், அம்மா, கோழி நல்லதா பன்றி நல்லதா என்று. அப்புறம் எழுதுகிறேன் கண்ணு என்று சொல்லி வைத்துவிட்டேன். பதில் தெரியாமல் வைக்கவில்லை. அந்த நேரத்தில் உன் அத்தை சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று ஒரே ஒரு வெங்காயத்தை இருபது நிமிடமாக உரித்துக்கொண்டிருந்தார். அதோடு, நீ கேட்ட கேள்விக்கு நம் வீட்டில் மூன்று மாதமாக ஒரு யுத்தமே நடந்து முடிந்திருக்கிறது. அத்தை சொல்லி நீ தெரிந்துகொள்வதற்கு முன்னால் நான் சொல்லிவிடுவது நல்லது என்றுதான் இந்தக் கடிதம்.

அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்து இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தது உனக்குத் தெரியும். மாரடைப்பு இல்லை, ஆனால் ரத்தத்தில் கெட்ட கொழுப்பு நூற்று நாற்பத்திரண்டு இருக்கிறது, மூன்று மாதம் சாப்பாட்டை ஒழுங்குபடுத்துங்கள், எண் இறங்கினால் சரி, ஏறினால் இதயக் குழாய்க்குள் கம்பி விட்டுப் பார்க்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொன்னதும் தெரியும். அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் நடந்ததுதான் உனக்குத் தெரியாது. உன் அத்தை பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக வந்தார். தம்பி எப்படி இருக்கிறான் என்று கேட்கவில்லை. அமைதி காக்கவும் என்று எழுதியிருந்த பலகைக்கு நேர் கீழே நின்றுகொண்டு, தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற அந்தக் குரலில், "முப்பத்திரண்டு வருஷமா பன்னிக்கறிய ஆக்கிப் போட்டே என் தம்பிய இங்க கொண்டாந்து படுக்க வச்சுட்டா. கோழி ஆக்கிப் போட்டிருந்தா இந்நேரம் மான்குட்டி மாதிரி துள்ளிட்டு இருந்திருப்பான்" என்றார். மான்குட்டிக்கு அறுபத்து மூன்று வயது, எடை தொண்ணூற்றொரு கிலோ. அங்கே உன் மாமா இருந்தான், கீழ் வீட்டு அம்மா இருந்தார், ஒரு நர்ஸ் இருந்தாள். நர்ஸ் என்னைக் கொலைகாரியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள், அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். கீழ் வீட்டு அம்மா ஆறுதலாக என் தோளில் கை வைத்தாரே, அதைத்தான் தாங்க முடியவில்லை. நான் ஒரே ஒரு வாக்கியம் சொன்னேன். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் அண்ணி." நான் வேலை பார்த்த பரிசோதனைக் கூடத்தின் எந்தக் கருவியாலும் அந்த வாக்கியத்தில் இருந்த விஷத்தை அளந்திருக்க முடியாது.

இருபத்தாறு வருஷம் கோழித் தீவன ஆலையில் தீவனத்தைச் சோதித்தவள் நான். எந்தக் கோழிக்கு எந்த வயதில் எத்தனை சதவீதம் புரதம் என்று என் கையெழுத்து இல்லாமல் ஒரு மூட்டை வெளியே போனதில்லை. கோழி என்ன தின்னலாம் என்பது எனக்குத் தெரியும், கோழியைத் தின்றால் என்ன ஆகும் என்பது உன் அத்தைக்குத் தெரியும் என்று நம் குடும்பம் வேலையைப் பிரித்துக்கொண்டது. அவருடைய ஆதாரம் ஆஸ்பத்திரிச் சுவரில் மாட்டியிருந்த ஒரு படம். அதில் ஒரு கோழி சிரித்துக்கொண்டு நிற்கும். தன்னைத் தின்னச் சொல்லிச் சிரிக்கும் கோழியை நம்புகிறவரிடம் எண்களைச் சொல்லி என்ன பயன். ஆனால் உனக்குச் சொல்கிறேன், நீ கணக்குப் படித்தவள். தோல் உரித்து வேகவைத்த கோழியின் நெஞ்சுக்கறி நூறு கிராமில் புரதம் முப்பத்தொரு கிராம், கொழுப்பு மூன்றரை. ஓரக் கொழுப்பை நறுக்கிவிட்டு வேகவைத்த பன்றியின் முதுகுக்கறித் துண்டில் புரதம் இருபத்தாறு, கொழுப்பு அதே மூன்றரை. நரம்புக்கு வேண்டிய முதல் பி வைட்டமின் பன்றியில் கோழியைவிடப் பத்து மடங்கு, மூன்றாம் பி வைட்டமின் கோழியில் அதிகம், இரும்புச் சத்தில் இரண்டும் பங்காளிகள். ஆகமொத்தம் இரண்டுக்கும் உள்ள தூரம் உன் அத்தைக்கும் எனக்கும் உள்ள தூரத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. இத்தனையும் எந்தத் துண்டு, எப்படிச் சமைத்தது என்பதைப் பொறுத்தது. கோழித் தொடையைத் தோலோடு வைத்தால் கொழுப்பு பதினைந்துக்குப் போகும், எண்ணெயில் பொரித்தால் அதற்கும் மேலே. பன்றியின் வயிற்றுக்கறி என்றால் பாதிக்குப் பாதி கொழுப்பு. ஒன்றை மறைக்கக் கூடாது, கல்யாணம் ஆன புதிதில் பத்து வருஷம் நானும் அந்த வயிற்றுக்கறியைத்தான் ஆக்கிப் போட்டேன், அப்பாவுக்கு அது பிடிக்கும். வேலையில் படித்ததெல்லாம் வீட்டுக்கும் பொருந்தும் என்று புத்தி வந்த பிறகுதான் வாரம் ஒருநாள், முதுகுக்கறி, கொழுப்பை நறுக்கி மிளகு போட்டு வேகவைப்பது என்று மாற்றினேன். வராந்தாவில் என்மேல் விழுந்தது அந்த முதல் பத்து வருஷத்துக்கான பழி என்றால் வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டிருப்பேன். அத்தை முப்பத்திரண்டு என்றார். மீதி இருபத்திரண்டுக்கு நான் வட்டியோடு திருப்பிக் கொடுப்பது என்று முடிவு செய்தேன்.

அத்தை இரண்டு பெட்டியும் சொந்தமாக ஓர் இரும்பு வாணலியும் கொண்டுவந்து நம் வீட்டிலேயே தங்கிவிட்டார். நான் சமையலறையை ஒழித்துத் துடைத்து, எண்ணெய் எங்கே உப்பு எங்கே என்று காட்டி, பணிவாக ஒப்படைத்தேன். அதிகாரத்தை இவ்வளவு சுமுகமாக ஒப்படைத்தவர் சரித்திரத்திலேயே குறைவு. அதன் பிறகு நடந்ததை நான் எதிர்பார்த்தேன் என்று சொல்ல மாட்டேன், இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. சத்தெல்லாம் தோலில்தான் இருக்கிறது என்பது அவர் கட்சி, அதனால் கோழி தோலோடு. ஒரு முறை பொரித்தால் பச்சை வாடை போகாது, அதனால் இரண்டு முறை. கோழிதானே, எவ்வளவு தின்றாலும் ஒன்றும் செய்யாது, அதனால் வாரத்தில் ஆறு நாள். நாத்தனார் பொரித்தால் மருந்து, நான் வேகவைத்தால் விஷம். அப்பா இரண்டாம் தொடைக்குத் தட்டை நீட்டிக்கொண்டே, "அக்கா கைப்பக்குவமே தனி" என்று சொல்வார். அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்க மாட்டார். நான் பரிமாறும் சாக்கில் ஒவ்வொரு துண்டையும் தபால் நிறுக்கும் சின்னத் தராசில் வைத்துவிட்டுத்தான் தட்டில் போட்டேன். தேதி, துண்டு, கிராம், தோல், எண்ணெய் என்று ஒரு நோட்டில் கட்டம் போட்டு எழுதினேன். ஒருநாள் அத்தை பார்த்துவிட்டு, "என்னம்மா எழுதுற, என் பக்குவத்த எழுதி வச்சுக்கிறியா, எழுது எழுது, உனக்கும் நாலு நல்லது தெரியட்டும்" என்றார். தெரிந்துகொள்கிறேன் அண்ணி என்றேன். பொய் சொல்லவில்லை. பதறாத காரியம் சிதறாது என்பார்கள், நான் தொண்ணூறு நாள் பதறவே இல்லை.

பதறியிருக்க வேண்டிய நாள் ஒன்று வந்தது. அறுபதாவது நாள் என்று நோட்டில் இருக்கிறது. நானும் அப்பாவும் காய்கறி வாங்கிக்கொண்டு வந்தோம். ஆயுள் முழுக்க மற்றவர்கள் வீட்டு லிப்டைப் பழுது பார்த்த மனிதர், லிப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாம் மாடியில் குடியிருக்கிறார் என்று நீ கிண்டல் செய்வாயே, அந்தப் படியில் இரண்டாம் மாடியில் நின்றுவிட்டார். யாரோ கழற்றிப் போட்டிருந்த செருப்புகளை ரொம்ப அக்கறையாகப் பார்ப்பதுபோல் நின்றார். மூச்சு வாங்குவது எனக்குத் தெரியக் கூடாதாம். அன்று ராத்திரி சாப்பிட்டு எழுந்ததும், "ஏம்மா, இந்த எண்ணெயெல்லாம் எனக்கு ஒத்துக்குதா? நீ ஏன் ஒண்ணும் சொல்ல மாட்டேங்குற?" என்று கேட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா. "உங்க அக்கா பாத்து செய்றாங்க, நான் யாரு சொல்றதுக்கு" என்றேன். இன்னும் முப்பது நாள் இருந்தது. அறுபது நாள் கணக்கை வைத்துக்கொண்டு உன் அத்தையை அசைக்க முடியாது, முழுசாக மூன்று மாதம் வேண்டும் என்று அப்போது எனக்குத் தோன்றியது. அது மிகவும் நியாயமாகவும் தோன்றியது.

பரிசோதனை முடிவு வந்த அன்று மூவரும் போனோம். டாக்டர் சின்னப் பெண், உன்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கலாம். தாளைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், திரும்பவும் தாளைப் பார்த்தாள். நூற்று எழுபத்தொன்று. எடை நான்கு கிலோ ஏற்றம். என்ன சாப்பிடுகிறீர்கள் என்றாள். அத்தை நிமிர்ந்து உட்கார்ந்து, "கோழி மட்டும்தான் டாக்டர், பன்னி இருந்த பக்கமே போறதில்ல, இவ பழைய பழக்கம் இன்னும் ரத்தத்துல நிக்குது" என்றார். இதற்காகத்தான் தொண்ணூறு நாள் காத்திருந்தேன். பையிலிருந்து நோட்டை எடுத்து மேசையில் வைத்து, முன்பு நான் ஆக்கியது வாரம் ஒருநாள் கொழுப்பை நறுக்கி வேகவைத்த முதுகுக்கறிதான் என்றும் சொன்னேன். டாக்டர் ஒரு பக்கம் படித்தாள், அடுத்த பக்கம், அதற்கடுத்த பக்கம். அத்தையைப் பார்த்து, "ஏம்மா, தோலோட, ரெண்டு தடவ பொரிச்சு, வாரத்துல ஆறு நாளா? இதுக்கு இந்தம்மா முன்னாடி வேகவச்சுக் குடுத்த கொழுப்பில்லாத பன்னிக்கறியே எவ்வளவோ தேவலையே" என்றாள். உன் அத்தை முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். கேள்வித்தாளில் தன் பாடத்திலேயே விடை தெரியாமல் உட்கார்ந்த மாணவி மாதிரி இருந்தார். எனக்கு ஒரே ஒரு குறை, வராந்தாவில் என்னைப் பார்த்த அந்த நர்ஸ் அன்று விடுப்பில் போயிருந்தாள். நான் அந்தக் குறையை நினைத்துக்கொண்டிருக்கும்போதே டாக்டர் நோட்டின் முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போனாள். தேதியைப் பார்த்தாள். "முதல் நாளே எல்லாம் சரியா எழுதியிருக்கீங்க. அப்ப உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றாள், என்னைத் திட்டுவதற்காகச் சொன்னதுபோலவும் இல்லை. அப்பா மெதுவாகக் கையை நீட்டி நோட்டை வாங்கினார். அறுபதாவது நாளின் பக்கத்தைத் தேடி எடுத்து, மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். அதில் பொரித்த கோழி, தொடை இரண்டு, இருநூற்று எண்பது கிராம், தோல் உண்டு என்று இருந்தது. அதற்குப் பக்கத்தில், இரண்டாம் மாடியில் நின்றார் என்றும் நான் எழுதியிருந்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகு அவர் சொன்னது இவ்வளவுதான். "அக்கா தெரியாம போட்டா. நீ தெரிஞ்சு பாத்துட்டு இருந்த." முப்பத்திரண்டு வருஷத்தில் அவர் இவ்வளவு சுருக்கமாகவும் இவ்வளவு சரியாகவும் பேசியது இதுதான் முதல் தடவை. அத்தை ஊருக்குப் போகிறேன் என்று பெட்டியைக் கட்டினார், அப்பாதான் தடுத்து நிறுத்தினார். சமையல் இன்னும் அத்தை கையில்தான், தோல் உரிப்பது மட்டும் நான் சொல்லிக் கொடுக்க வேண்டும். நேற்று அத்தை ஒரு நெஞ்சுக்கறித் துண்டை என் முன்னால் நீட்டி, "இது போதுமா பாரு" என்றார். குரலில் தலைமையாசிரியை இல்லை. போதும் அண்ணி என்றேன். நான் ஜெயித்துவிட்டேன், சந்தேகமே இல்லை, வராந்தாவில் கேட்ட ஒவ்வொரு சொல்லையும் திரும்ப விழுங்க வைத்துவிட்டேன், அதற்காக நான் வருத்தப்படவும் இல்லை. அத்தையைப் பொறுத்தவரை இல்லை. உன் பயிற்சிக்காரனிடம் சொல், தோலை உரித்துக் கொழுப்பை நறுக்கினால் கோழியும் நல்லது பன்றியும் நல்லது, அளவோடு தின்றால். கோபத்தோடு பரிமாறினால் இரண்டும் ஒன்றுதான் என்பதை அவனிடம் சொல்ல வேண்டாம், நீ தெரிந்து வைத்துக்கொள்.

வரும் இருபத்தாறாம் தேதி அப்பாவின் இதயக் குழாய்க்குள் கம்பி விட்டுப் பார்க்கிறார்கள். கூட வந்து கையெழுத்துப் போடப் போவது அத்தை. அப்பாவே அப்படித்தான் சொல்லிவிட்டார். நெஞ்சு எப்படி இருக்கிறது என்று நான் கேட்டால், "நல்லா இருக்கு, எழுதிக்கோ" என்கிறார். நோட்டை அன்றைக்கே அடுப்பில் போட்டுவிட்டேன் என்று சொன்னேன், நம்பவில்லை. நீ ஆயுளோடும் ஆரோக்கியத்தோடும் நல்ல பசியோடும் இரு, யாரிடமும் வன்மம் வைக்காதே, வைத்தால் சாப்பாட்டு நேரத்தில் வைக்காதே. மறக்காமல் ஞாயிற்றுக்கிழமை அப்பாவைக் கூப்பிடு. என் பக்கம் பேச வேண்டாம். வலிக்கிறதா, படியில் மூச்சு வாங்குகிறதா என்று மட்டும் கேள். உன்னிடம் உண்மையைச் சொல்வார். கேட்டு எனக்குச் சொல்.

என்றும் உன் நலம் வேண்டும்,
அம்மா